கடையிலேயே லேபிள் அடிக்கிறீர்களா? கோளாறு வந்தால் எங்கே பார்ப்பது

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் அத்தை மசாலைத் தூள், ஊறுகாய், முறுக்கு என்று பன்னிரண்டு வகை செய்து விற்கிறார். தீபாவளி நேரத்தில் இன்னும் நாலைந்து சேரும். சுற்றியுள்ள தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது, லயத்தில் இருந்தவர்கள் பட்டணத்து வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் அத்தையின் மீன் கறித் தூளை வாங்குவது இன்னும் அதே குடும்பங்கள்தான். லேபிளை முன்பெல்லாம் ஈப்போவில் கொடுத்து அடித்து வந்தோம். ஒரு வகைக்குக் குறைந்தது ஆயிரம் அடிக்க வேண்டும் என்பார்கள். பாக்கெட்டின் எடை மாறினாலோ, சேர்மானத்தில் ஒரு பொருள் கூடினாலோ மிச்சமிருக்கும் கட்டு அப்படியே குப்பைக்குப் போகும். அதனால்தான் கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் மூன்று மிஷின் வாங்கிப் போட்டோம்: மைத்தொட்டி வைத்த கலர் பிரிண்டர் ஒன்று, கறுப்பு மட்டும் அடிக்கும் லேசர் ஒன்று, சுருள் லேபிள் அடிக்கும் தெர்மல் மிஷின் ஒன்று.

பழுது பார்க்கும் ஆள் ஈப்போவிலிருந்துதான் வரவேண்டும். முதல் மூன்று தடவை அவர் வந்தபோதும் மிஷினில் ஒரு குறையும் இல்லை. ஒரு தடவை தாளில் ஈரம். ஒரு தடவை சுருளைத் தலைகீழாக மாட்டியிருந்தோம். இன்னொரு தடவை கணினியில் கொடுத்த அளவு தப்பு. மூன்றுக்கும் வந்துபோன கூலி கொடுத்தோம். அப்புறம்தான் என்ன கோளாறு, என்ன காரணம், எது சரிசெய்தது என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அதிலிருந்து எடுத்ததுதான் இது.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில்

கெட்டு வந்த தாளைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். அதன் பின்பக்கம் தேதி, எந்த மிஷின், எந்தத் தாள், மழையா வெயிலா என்று எழுதி ஒரு கோப்பில் போடுங்கள். மழை என்னத்துக்கு என்று அத்தை சிரித்தார். ஒரு மாதம் கழித்துக் கோப்பைப் புரட்டினால் சிக்கிக் கிழிந்த தாள்களில் முக்கால்வாசி மாலை மழைக்கு அப்புறம் அடித்தவை.

அடுத்தது, கணினியை விட்டுவிட்டு மிஷினிலிருந்தே ஒரு சோதனைத் தாள் அடியுங்கள். எல்லா மிஷினிலும் அதற்கென்று ஒரு பட்டனோ மெனுவோ இருக்கும். சோதனைத் தாள் சுத்தமாக வந்தால் குறை கணினியிலோ, கோப்பிலோ, கம்பியிலோ இருக்கிறது. அதிலும் அதே குறை தெரிந்தால் தாள், மை, மிஷின் இந்த மூன்றில் ஒன்று. இந்த ஒரு தாளிலேயே வேலை பாதி குறைந்துவிடும். அப்புறம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். தாளையும் அமைப்பையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போய்விடும்.

எழுத்து விரலோடு வந்துவிடுகிறது

இது லேசரிலா, மைப் பிரிண்டரிலா என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் வேறு வேறு கதை.

லேசரில் வருவது மை அல்ல, பிளாஸ்டிக் தூள். சுமார் 200 டிகிரி சூட்டில் இருக்கும் உருளை அந்தத் தூளை உருக்கித் தாளோடு ஒட்டவைக்கிறது. ஸ்டிக்கர் தாள் தடிமன் என்பதால் அதே சூடு அதற்குப் போதாது. பிரிண்டர் அமைப்பில் தாள் வகை என்ற இடத்தில் சாதாரணத் தாள் என்று இருந்தால் லேபிள் அல்லது தடித்த தாள் என்று மாற்றுங்கள். மிஷின் மெதுவாக ஓடும், தாள் சூட்டில் கூடுதல் நேரம் இருக்கும், தூள் பிடித்துக்கொள்ளும். எங்களுக்கு வந்த இந்தக் கோளாறு பத்தில் ஒன்பது தடவை இதிலேயே தீர்ந்தது. தாள் ஈரமாக இருந்தாலும் இதே மாதிரி உதிரும், ஏனென்றால் சூட்டில் பாதி நீரை ஆவியாக்கவே போய்விடுகிறது. சாதாரண 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில்கூட உதிர்ந்தால்தான் சூட்டு உருளை போய்விட்டது என்று அர்த்தம். அப்போது ஆளைக் கூப்பிடலாம்.

மைப் பிரிண்டரில் மை காயாமல் இழுபட்டால் தாள் தப்பு. நம் ஊர் எழுதுபொருள் கடையில் ஸ்டிக்கர் தாள் கேட்டால் பெரும்பாலும் மிரர்கோட் என்ற பளபளப்பான தாளைத் தருவார்கள். அது லேசருக்கும் ஆஃப்செட்டுக்கும் ஏற்றது. மைப் பிரிண்டரின் நீர் கலந்த மையை அதன் மேற்பரப்பு உறிஞ்சாது. மறுநாள் காலையில் தொட்டாலும் விரலில் ஒட்டும். உறையில் இங்க்ஜெட் என்று போட்ட தாள்தான் வேண்டும். உறை இல்லாத தாளா? விரலை லேசாக நனைத்து ஒரு மூலையை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். மை பிடிக்கும் பூச்சு உள்ள பக்கம் விரலோடு லேசாக ஒட்டும். ஒட்டாத பக்கத்தில் அடிக்கக் கூடாது.

இங்க்ஜெட் பிளாஸ்டிக் ஸ்டிக்கரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் லேசரில் விடாதீர்கள். உருகி உருளையைச் சுற்றிக்கொண்டால் உருளைதான் மாற்ற வேண்டும்.

மை காய்ந்துவிட்டது, ஆனால் நீர் பட்டால் ஓடுகிறது என்பது இன்னொரு வகை. அத்தையின் எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தல் குளிர்ப்பெட்டியிலிருந்து வெளியே வந்த பத்தாவது நிமிஷம் வேர்த்துவிடும். லேபிளில் கறுப்பு எழுத்து அப்படியே நிற்க, சுற்றியிருந்த சிவப்புப் பூக்கரை மட்டும் வேர்வையில் நனைந்த குங்குமம் மாதிரி வழிந்தது. மைத்தொட்டிப் பிரிண்டர்களில் பலவற்றில் கறுப்பு மட்டும் நிறமித் துகள் மை, மற்ற மூன்றும் சாய மை. சாயம் நீரில் கரையும், துகள் அவ்வளவு எளிதில் கரையாது. நாலும் துகள் மையாக உள்ள மிஷின் வாங்கலாம், அல்லது லேபிளின் மேல் ஒளிபுகும் பிளாஸ்டிக் ஒட்டலாம். நாங்கள் மூன்றாவது வழிக்குப் போனோம்: குளிரில் வைக்கும் சாமான்களுக்கு கலர்க் கரையே வேண்டாம், கறுப்பு மட்டும் போதும் என்று விட்டுவிட்டோம்.

லேபிளில் தேதி மங்கி மறைகிறது

தெர்மல் மிஷினில் அடித்த லேபிளுக்கு வரும் நோய் இது. அந்தத் தாளில் மை கிடையாது. தாளின் மேல் பூசிய ரசாயனம் சூடு பட்ட இடத்தில் கறுக்கிறது, அவ்வளவுதான். எண்ணெய், வெயில், சூடு மூன்றும் அதற்கு எதிரி. கறித் தூள் பாக்கெட்டைத் தொட்ட கையிலும் எண்ணெய் இருக்கிறது. கடை முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கிய பாக்கெட்டுகளில் மூன்றே வாரத்தில் காலாவதித் தேதி காணாமல் போயிற்று. தேதி இல்லாத சாமானை மினி மார்க்கெட்காரர் திருப்பி அனுப்பிவிடுவார், அனுப்பவும் செய்தார்.

உங்கள் சுருள் எந்த வகை என்று தெரிய ஒரு வெற்று லேபிளை நகத்தால் அழுத்திக் கீறுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் நேரடித் தெர்மல் தாள். கூரியர் பொட்டலத்துக்கு அது போதும், நாலு நாளில் வேலை முடிந்துவிடும். மாதக்கணக்கில் அலமாரியில் நிற்கிற சாமானுக்கு ரிப்பன் போட்டு அடிக்கும் மிஷின்தான் சரி. ரிப்பனில் மூன்று வகை: மெழுகு, மெழுகும் பிசினும் கலந்தது, பிசின். சாதாரணத் தாள் லேபிளுக்கு மெழுகு. எண்ணெய்ப் போத்தலில் ஒட்டும் பிளாஸ்டிக் லேபிளுக்குப் பிசின். நடுவில் உள்ளது நடுத்தரத்துக்கு.

ரிப்பன் மிஷின் வாங்குகிறவர்கள் வாங்கும் முன் இதைப் பாருங்கள்: ரிப்பனின் மைப் பக்கம் உள்ளே சுற்றியிருக்கிறதா வெளியே சுற்றியிருக்கிறதா என்பது மிஷினுக்கு மிஷின் வேறுபடும். ஒரு லேபிளை உரித்து அதன் பசைப் பக்கத்தை ரிப்பனில் அழுத்தி எடுத்தால் எந்தப் பக்கத்தில் மை இருக்கிறது என்று தெரிந்துவிடும். எங்கள் முதல் பெட்டி ரிப்பன் முழுக்கத் தப்புச் சுற்று. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

லேபிள் வெள்ளையாகவே வெளியே வருகிறது

சுருள் தலைகீழ். நகத்தால் கீறிப் பார்த்து, கறுக்கிற பக்கம், சூடாகி எழுத்தைப் பதிக்கும் அச்சுத் தலையைத் தொடும்படி மாட்டுங்கள். ரிப்பன் மிஷின் என்றால் ரிப்பன் தலைகீழா, மூடி முழுக்கப் பூட்டியிருக்கிறதா, அமைப்பில் நேரடித் தெர்மல் என்று இருக்கிறதா என்று பாருங்கள். பில் அடிக்கும் 58 மில்லிமீட்டர், 80 மில்லிமீட்டர் மிஷினுக்கும் இதே வைத்தியம்தான்.

பத்து லேபிளுக்குள் எழுத்து நகர்ந்துவிடுகிறது

எப்படி நகர்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு லேபிளிலும் ஒரே அளவு கூடிக்கொண்டே போனால் கணினியில் கொடுத்த அளவு தப்பு. லேபிள் 50க்கு 30 மில்லிமீட்டர் என்றால் அளவிலும் அதையே கொடுக்க வேண்டும், இரண்டு லேபிளுக்கு இடையே உள்ள இடைவெளியைத் தனியாகக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அது 2 அல்லது 3 மில்லிமீட்டர். இரண்டையும் சேர்த்து 32 என்று ஒரே கட்டத்தில் போட்டிருந்தான் தம்பி. பதினைந்தாவது லேபிளில் மீன் கறித் தூள் என்ற பெயர் அடுத்த லேபிளின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

அளவு சரி, ஆனால் திடீர் திடீரென்று குதிக்கிறது என்றால் இடைவெளியைப் பார்க்கும் உணரி குழம்பியிருக்கிறது. புதுச் சுருள் போட்டதும் அளவீடு செய்ய வேண்டும். மிஷினை அணைத்து, லேபிளைத் தள்ளும் ஃபீட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே மிஷினைத் திரும்பப் போட்டால் பல மிஷின்கள் தானாகவே நாலைந்து லேபிளைத் தள்ளி அளந்துகொள்ளும். உங்கள் மிஷினுக்கு எது என்று கையேட்டில் இருக்கும். ஒளி ஊடுருவும் லேபிளில் இடைவெளி உணரிக்குக் கண் தெரியாது. பின்பக்கம் கறுப்புக் குறி போட்ட சுருள் வாங்கி, அமைப்பில் கறுப்புக் குறி என்று மாற்றினால்தான் ஓடும்.

இரண்டும் இல்லையென்றால் ரப்பர் உருளை வழுக்குகிறது. எங்கள் இடத்தில் காரணம் மஞ்சள் தூள். பொட்டலம் கட்டும் மேசையிலேயே மிஷினையும் வைத்திருந்தோம். மூடியைத் திறந்தால் கறுப்பாக இருக்க வேண்டிய உருளை, கல்யாணத்துக்கு நலங்கு வைத்த மாதிரி இருந்தது! மிஷினை அணைத்து ஆறவிட்டு, ஃபார்மசியில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு உருளையையும் அச்சுத் தலையையும் துடைத்தேன். கத்தி, ஸ்குரூடிரைவர் எதுவும் தலையில் படக் கூடாது. மறுநாளே மிஷினைப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டோம்.

துடைத்த பிறகும் எல்லா லேபிளிலும் ஒரே இடத்தில் மேலிருந்து கீழே மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு நின்றால் தலையில் ஒரு புள்ளி செத்துவிட்டது. 203 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளி) மிஷினில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. ஒன்று போனால் எழுத்தில் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. அந்தக் கோடு பார்கோடின் கோடுகளோடு ஒரே திசையில் போனால் ஸ்கேனர் படிக்காமல் போகும். பார்கோடைக் கொஞ்சம் தள்ளி வைத்து ஓட்டலாம், அப்புறம் தலையை மாற்றலாம்.

லேசரில் ஒரே இடைவெளியில் கறை விழுகிறது

ஒரு ரூலர் எடுங்கள். ஒரு கறையிலிருந்து அடுத்த கறை வரை மில்லிமீட்டரில் அளந்து 3.14ஆல் வகுத்தால் குற்றவாளி உருளையின் விட்டம் கிடைத்துவிடும். 94 மில்லிமீட்டர் என்றால் 30 மில்லிமீட்டர் உருளை, 75 என்றால் 24. கையேட்டில் எந்த உருளைக்கு எந்த இடைவெளி என்று பட்டியலே போட்டிருப்பார்கள். தூளைத் தாளுக்கு மாற்றும் டிரம் உருளை, தூள் இருக்கும் டோனர்ப் பெட்டியோடு சேர்ந்து வருகிற மிஷினில் பெட்டியை மாற்றினால் முடிந்தது. இடைவெளி இல்லாமல் கண்டபடி புள்ளி விழுந்தால் உள்ளே தூள் கொட்டியிருக்கிறது, உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈரத்துணியும் வீட்டு வேக்குவமும் வேண்டாம், அந்தத் தூள் மிக நுண்மையானது, வேக்குவம் அதை அறை முழுக்க ஊதிவிடும்.

தாள் சிக்குகிறது, சுருள்கிறது, இரண்டு இரண்டாகப் போகிறது

நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் வருஷம் முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். அச்சுத் தாளுக்கு 50ஐ ஒட்டி இருந்தால்தான் சுகம். ரீம் உறையின் உள்பக்கம் ஈரம் புகாத பூச்சு உள்ளது. உறையைக் கிழித்து 500 தாளையும் தட்டில் கொட்டிவிட்டுப் போனால் இரண்டு மழை நாளில் ஓரங்கள் அலை அலையாகிவிடும். ஸ்டிக்கர் தாள் இன்னும் மோசம், ஏனென்றால் மேல்தாள் ஒரு அளவுக்கு ஈரம் குடிக்கும், பின்தாள் வேறு அளவுக்குக் குடிக்கும். இரண்டும் சேர்ந்து ஓலைப்பாய் மாதிரி சுருண்டுகொள்ளும்.

நாங்கள் இப்போது செய்வது இதுதான். பலகாரம் வைக்கிற மாதிரி இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நாலு சிலிக்கா பை. அன்றைக்கு வேண்டிய தாளை மட்டும் எடுப்பது. தட்டில் ஐம்பதுக்கு மேல் வைப்பதில்லை. மாலையில் கடை அடைக்கும்போது மிச்சம் திரும்ப டப்பாவுக்குள். வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு தடவை முற்றத்தில் பரப்பினார் அத்தை. வடகம் காய்ந்தது, தாள் இன்னும் கோணலாயிற்று.

ஏர்கொண் போட்ட அறையில் தாளும், வெக்கையான அறையில் மிஷினும் இருந்தால் தாளை மூடிய டப்பாவோடே கொண்டுவந்து ஒரு மணி நேரம் விட்டு அப்புறம் திறங்கள். குளிர்ந்த தாளில் வெக்கைக் காற்று பட்டால் ஊறுகாய்ப் போத்தலுக்கு நடந்ததுதான் நடக்கும்.

தாள் நன்றாகவே இருந்தும் சிக்கினால் மூன்றைப் பாருங்கள். தாளைத் திருப்பிப் போட்டு வளைவை எதிர்ப்பக்கம் கொண்டுவாருங்கள். தடித்த 260 ஜிஎஸ்எம் அட்டையைக் கீழ்த்தட்டில் வைக்காமல் பின்பக்கத்திலோ, கையால் தாள் விடும் வாயிலோ ஒவ்வொன்றாக விடுங்கள், அங்கே வளைவு குறைவு. தாளை இழுக்கும் ரப்பர் சக்கரம் வழவழப்பாகியிருந்தால் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். சிக்கிய தாளை எடுக்கும்போது தாள் போகும் திசையிலேயே மெதுவாக இழுக்க வேண்டும். பாதி லேபிள் உள்ளே உரிந்து உருளையில் ஒட்டிக்கொண்டால் உங்கள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஒரு தடவை உரித்த தாளைத் திரும்பவும் உள்ளே விடாதீர்கள்.

எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லையென்றால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். எங்கள் கலர் பிரிண்டரில் ஒரு பல்லி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

கலரில் கோடு கோடாக இடைவெளி விழுகிறது

இரண்டு வாரம் அடிக்காமல் விட்டால் மை வெளியே வரும் துளையின் நுனியில் காய்ந்துவிடும். துளைச் சோதனைத் தாள் (நாஸில் செக்) அடித்து, எந்த நிறத்தில் கோடு அறுந்திருக்கிறது என்று பாருங்கள். தலைச் சுத்திகரிப்பை இரண்டு தடவை செய்யலாம், மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் அழுத்திக்கொண்டே இருந்தால் மைதான் போகும். அந்த மை எங்கும் ஆவியாகிவிடுவதில்லை, மிஷினுக்குள் இருக்கும் பஞ்சில் சேர்கிறது, பஞ்சு நிறைந்தால் மிஷின் வேலை நிறுத்தம் செய்யும். மூன்று தடவைக்கும் சரியாகாவிட்டால் ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் ஒரு தடவை பாருங்கள். பல நேரம் தானாகவே இளகியிருக்கும். வாரத்துக்கு ஒரு தடவை நாலு நிறமும் உள்ள ஒரு தாள் அடித்துவந்தால் இந்தப் பிரச்சினை வராது. வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றும்போது நானும் ஒரு தாள் அடித்துவிடுவேன்.

கணினியில் பளிச்சென்று இருந்த மஞ்சள், தாளில் மந்தமாக இருக்கிறது

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் மையால். திரையில் தெரியும் சில நிறங்களை மையால் எட்டவே முடியாது. தாள் வகையைச் சரியாகக் கொடுத்திருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள், அதுவே பாதி வித்தியாசம். மீதிக்கு ஒரு கைவைத்தியம்: பன்னிரண்டு மஞ்சள், பன்னிரண்டு சிவப்பை எண்ணோடு அதே ஸ்டிக்கர் தாளில் அடித்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இனித் திரையைப் பார்த்து நிறம் தேர்ந்தெடுக்க வேண்டாம், சுவரைப் பார்த்து எண்ணைக் கொடுங்கள்.

தமிழ் எழுத்து உடைந்து வருகிறது

நம் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தக் கோளாறு புரியாது. ஈப்போ ஆளுக்கும் புரியவில்லை. உடைவதில் நாலு விதம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் கலந்த குப்பையாக வந்தால் கோப்பு பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்தது. அதில் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு மேலே தமிழ் வேஷம் போடுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். கோயில் அறிவிப்பு, பழைய விலைப்பட்டியல் எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மலேசியாவில் 1980களிலேயே முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கிவிட்டதால் இங்கே பழைய கோப்புகளில் முரசு அஞ்சல் எழுத்துருக்களும் நிறைய. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே உண்டு. ஒரு தடவை மாற்றிச் சேமித்துவிட்டுப் பழையதைத் தொடாதீர்கள். மாற்றிய பிறகு ஒரு தடவை வரி வரியாகப் படியுங்கள். ஸ்ரீயும் கிரந்த எழுத்துகளும்தான் அடிக்கடி தப்பும்.

கொம்பும் காலும் இடம் மாறிப்போனால், அதாவது கொத்தமல்லியில் முதலில் வரவேண்டிய கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றால், எழுத்து சரி, வடிவமைக்கும் மென்பொருள்தான் தமிழ் சேர்க்கத் தெரியாதது. ஃபோட்டோஷாப் போன்றவற்றில் எழுத்து அமைப்பில் வேர்ல்ட்-ரெடி என்பதைத் தேர்ந்து, மென்பொருளை ஒரு தடவை மூடித் திறக்க வேண்டும். பழைய பதிப்பில் அது இல்லையென்றால் தமிழை வேர்டில் அடித்துப் பிடிஎஃப் ஆக்கிப் படமாக உள்ளே கொண்டுவாருங்கள்.

கட்டம் கட்டமாக வந்தால் அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு கிடைக்கவில்லை. பிடிஎஃப் சேமிக்கும்போது எழுத்துருவை உள்ளேயே பதியும்படி செய்யுங்கள். இப்போதைய விண்டோஸில் நிர்மலா என்ற எழுத்துரு ஏற்கெனவே இருக்கும், அவசரத்துக்கு அதில் மாற்றிக்கொள்ளலாம்.

பில் மிஷினில் மட்டும் கேள்விக்குறியாக வந்தால் கோப்பில் தப்பு இல்லை. பில் மிஷினுக்குள் பதிந்திருக்கும் எழுத்துகளில் பெரும்பாலும் தமிழ் இருக்காது. எழுத்தாக அனுப்பாமல் விண்டோஸ் டிரைவர் வழியாகப் படமாக அனுப்பினால் வரும், கொஞ்சம் மெதுவாக வரும்.

இன்னொன்று, இது உடைவது அல்ல, அடைவது. 203 டிபிஐ மிஷினில் 6 பாயிண்ட் எழுத்து என்றால் உயரம் மொத்தமே 17 புள்ளி. அதற்குள் றுவின் சுழியும், மேலே மெய்ப்புள்ளியும், கீழே வளைவும் அடங்க வேண்டும். அடங்காது. முறுக்கு என்பதில் க் மேலிருந்த புள்ளி அடைபட்டு முறுககு என்று வந்தது. அத்தை கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "என்ன தம்பி, நம்ம முறுக்கு ஊறிப்போன மாதிரி இருக்கே" என்றார். தமிழை 9 பாயிண்டுக்குக் கீழே இறக்காதீர்கள், அதுவே 25 புள்ளிதான். மெல்லிய எழுத்துருவும் வேண்டாம், மிகத் தடித்ததும் வேண்டாம்.

இடம் போதவில்லை என்று தமிழை வைத்துக்கொண்டு மலாயை எடுத்துவிடாதீர்கள். 1985 உணவு ஒழுங்குமுறை விதிகளின்படி இங்கே செய்து பாக்கெட் போடும் உணவுக்கு லேபிள் விவரம் மலாய் மொழியில் இருந்தாக வேண்டும், தமிழ் கூடுதலாக இருக்கலாம். ஹலால் சின்னமும் அப்படித்தான்: சான்றிதழ் இல்லாமல், கோப்பில் இருக்கிறதே என்று ஒட்டினால் வம்பு.

பார்கோடு படிக்கவில்லை

எண் சொந்தமானதா என்று முதலில் கேளுங்கள். பார்கோடு எண் கொடுக்கும் அமைப்பான ஜிஎஸ்1இல் இங்கே பதிந்து வாங்கிய எண் 955இல் தொடங்கும். இணையத்தில் எங்கோ கிடைத்த படத்தை ஒட்டினால் மிஷின் படிக்கும், கல்லாவில் வேறு யாருடைய பிஸ்கட்டோ வரும்.

எண் சரியாக இருந்தும் படிக்காவிட்டால் அளவுதான். ஒல்லியான கோட்டின் அகலம் முழுப் புள்ளிக் கணக்கில் வர வேண்டும். 203 டிபிஐ மிஷினில் அது 3 புள்ளி, அதாவது 0.375 மில்லிமீட்டர். இரண்டு பக்க வெற்றிடத்தையும் சேர்த்து 13 இலக்க பார்கோடு மொத்தம் 113 பங்கு (ஒரு பங்கு என்பது ஒல்லியான கோட்டின் அகலம்), ஆக 42 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 50 மில்லிமீட்டர் லேபிளில் உட்காரும், 40 மில்லிமீட்டர் லேபிளில் உட்காரவே உட்காராது. நாங்கள் 40இல் சுருக்கிச் சுருக்கி ஒரு மாதம் மல்லுக்கட்டினோம். படத்தை மூலையில் பிடித்து இழுத்துச் சுருக்காமல், லேபிள் மென்பொருளின் பார்கோடு கருவியில் புள்ளி எண்ணிக்கையைக் கொடுங்கள்.

சிவப்பில் அடிக்கக் கூடாது. பெரும்பாலான ஸ்கேனரின் ஒளியே சிவப்பு என்பதால் அதற்குச் சிவப்பும் வெள்ளையும் ஒன்றுதான். உருண்டைப் போத்தலில் ஏணிப்படி மாதிரிக் கோடுகள் படுத்திருக்கும்படி ஒட்டுங்கள்.

லேபிள் உரிந்து விழுகிறது

ஒட்டும் இடத்தில் எண்ணெய் அல்லது ஈரம். துடைத்து, குளிர்ப்பெட்டிக்குள் போகும் முன்பே ஒட்டி, விரலால் அழுத்தித் தேயுங்கள். உறைபெட்டியில் வைக்கும் சாமானுக்கு அதற்கென்று தனிப் பசை லேபிள் உண்டு.

ஆஃப்லைன் என்கிறது, மிஷினோ எரிந்துகொண்டுதான் இருக்கிறது

மின்சாரம் போய்வந்ததும் இது வரும். ரவுட்டர் திரும்ப எழும்போது பிரிண்டருக்கு வேறு ஐபி எண் (நெட்வொர்க் முகவரி) கொடுத்துவிடுகிறது, கணினி பழைய எண்ணிலேயே தட்டிக்கொண்டிருக்கிறது. ரவுட்டரில் பிரிண்டருக்கு ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்குங்கள். பிரிண்டர் கணினிக்குப் பக்கத்திலேயே இருந்தால் வைஃபையே வேண்டாம், யூஎஸ்பி கம்பி போடுங்கள். பிரிண்டருக்கு வைஃபையே தெரியவில்லை என்றால் ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அணைந்திருக்கலாம். பல மிஷின்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது.

இடி இடித்ததற்கு அப்புறம் எதுவுமே ஓடவில்லை

மழைக் காலத்து மூன்று மணிக்கு இங்கே இது வாடிக்கை. முதலில் மெயின் பெட்டியில், மின்கசிவு வந்தால் தானாக அணையும் சுவிட்சான ஆர்சிசிபி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து அதே சுவிட்சில் ஒரு விளக்கைப் போட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் பிளக்கின் உள்ளே இருக்கும் ஃபியூஸ். மூன்று கால் பிளக்கைத் திறந்து அதே ஆம்பியர் ஃபியூஸ் மாற்றுங்கள், அலுமினியத் தாளைச் சுற்றி வைக்காதீர்கள். தெர்மல் மிஷினுக்கு அடாப்டர் வெளியே தனியாக இருப்பதால் பெரும்பாலும் அதுதான் போகும், அதே வோல்ட்டும் அதே முனையும் உள்ளதை வாங்கினால் போதும். தீய்ந்த வாடை வந்தால் திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

லேசரைச் சின்ன யூபிஎஸ்ஸில் மாட்டிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். உருளை சூடேறும்போது அது ஒரேயடியாக இழுக்கும் மின்சாரத்தை அந்தப் பெட்டி தாங்காது. கணினியும் ரவுட்டரும் யூபிஎஸ்ஸில் இருக்கட்டும், லேசர் சுவரிலேயே இருக்கட்டும். வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்குங்கள், கூடவே ரவுட்டரிலிருந்து பிரிண்டருக்குப் போகும் கம்பியையும். பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணீர் குடிக்கப் போன அன்றுதான், அந்தக் கம்பி வழியாக எங்கள் முதல் தெர்மல் மிஷின் போனது.